தெளிந்த குளம்

1996 மாசியில், சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் போகும் பேருந்தில், குளத்து மீன் குத்தகைக்காரர் ஒருவர் தன் அக்காள் கணவரிடம் சொன்னார்.

“செத்த மீனு மெதக்கவே இல்லீங்க, மச்சான். அடியில வெள்ளையாக் கெடக்கறது மேலிருந்தே தெரியுது.”

“தண்ணி தெளிஞ்சா நல்லதுதானே, மாப்ள?”

“அப்படி நெனச்சுத்தானுங்க குஞ்சு விட்டேன். சாயப்பட்டறை ஆசிட்டு கலந்திருக்குது. நத்தையத் தொட்டா ஓடு அப்பளமா நொறுங்குது. தண்ணிப்பூச்சி, கூனி எறா ஒண்ணுமில்ல. மீனு என்னத்தைத் திங்கும்? செத்ததை அரிக்கக்கூட அங்க ஒரு புழு இல்லீங்க.”

“ஊருல சொன்னியா?”

“பொழைச்ச மீனையாச்சும் விக்கலாம்னு பேசாம இருந்துபோட்டேன்.”

மச்சான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கக்கா ஒரு வாரமா, தெளிஞ்ச தண்ணின்னு அதைத்தான் மொண்டு வந்து சோறாக்கறா.”