இடம் பிடித்த இசைத்தட்டு

எழுதிப் பழக்கமில்லாத நான், அடுத்தவர் பேச்சை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

காங்கேயத்தில் கோயமுத்தூர் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் ஒரு பெண் தன் தாயிடம் சொன்னது காதில் விழுந்தது.

“அப்பாவ நானே ஒடச்சுப்போட்டனுங்கம்மா.”

இடம் பிடிக்க ஜன்னல் வழியாக அவள் போட்ட பையில், காலமாகிவிட்ட அவள் அப்பா பேசும்படம் வந்த புதிதில் எழுதிய பாட்டின் இசைத்தட்டு இருந்திருக்கிறது. அதன் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

“நாந்தான அம்மணி, காலு வலிக்குது, எடம் புடின்னு சொன்னேன்.”

“கேசட்டுல ஏத்தித் தாறேன்னு கோயமுத்தூருக் கடைக்காரரு சொன்னாருங்களே. இருந்ததே இந்த ஒரு தட்டுதானுங்க. பாட்டுப்பொட்டி இல்லாத ஊட்டுல, நான் ஒருவாட்டிகூடக் கேக்கலீங்களே.”

“அதுல பாடுனவரு பேருதான் கண்ணு போட்டிருந்துச்சு. உங்கப்பா பேரே இல்ல.”

“பேரு கெடக்குதுங்க. நீங்களாச்சும் பாடிக் காட்டுங்கம்மா.”

அந்த அம்மாள் வாய்க்குள் ஏதோ முனகிப் பார்த்து நிறுத்தினார்.

“ஒரு அடிகூட நெனப்பு வரமாட்டீங்குது கண்ணு. தட்டுதான் இருக்குதேன்னு இருந்துபோட்டேன்.”

இருவரும் பல்லடத்திலேயே இறங்கி, ஊர் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள்.

மறுநாள் அதே பஸ்ஸில் கூட்டமில்லை. எல்லோருக்கும் உட்கார இடமிருந்தது.