வெயிட்டிங் ஷெட் யானைக்கு ஒரு வக்காலத்து

சபையின் நடுவே மலைபோல் வீற்றிருக்கும் தலைவர் தங்கதுரை அண்ணாச்சி அவர்களே! மப்ளருக்குள் மறைந்திருந்தாலும் மாண்பு மறையாத பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் விசிலடிக்கும் என் வகுப்புத் தோழர்களே! வாசகசாலை ஆண்டுவிழா மேடையிலிருந்து சூரியநெல்லிக்கு என் வணக்கம்.

"ஏலே பிரதீப்பு, சுருக்கா முடி" என்கிறார் அண்ணாச்சி. முடிவெடுத்தவர் நீங்கள், முறையிட வந்தவன்தான் நான்.

நம் வெயிட்டிங் ஷெட் சுவரில் பூமாரி ஒரு யானை வரைந்தாள். நாளை அதற்கு வெள்ளையடிப்பு. ஏன்? மூடுபனியில் அதைக் கண்ட டிரைவர் ஜோபி சேட்டன், "எண்டம்மோ, ஆன!" என்று அலறி, பஸ்ஸைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். சிரிக்காதீர்கள், சேட்டன் முன்வரிசையில்தான் இருக்கிறார்! சுவரில் நின்றது களிறு. கலங்கியது ஊர் வயிறு! ரேஷன் அரிசிக்குக் கதவை உடைக்காத யானை நம் மலையில் இது ஒன்றுதானே ஐயா?

ஆனால், உண்மைக் காரணம் பஸ் அல்ல. போன வருடம் அந்த ஷெட்டுக்குப் போகும் பாதையில்தான் பூமாரியின் அப்பா ராஜசேகர் மாமாவை யானை அடித்தது. "அப்பனக் கொன்னதப் போயி வரைவாளா? அவ அம்மா ராமலட்சுமி மனசு என்ன பாடுபடும்?" என்கிறீர்கள். நியாயம்.

அன்று முதல் பூமாரி அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. பள்ளியும் நின்றது. பிறகு ஒரு கனவு. பனிக்குள் வழி தெரியாமல் நிற்கிறாள். எதிரே அதே யானை. "எங்கப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அது திரும்பி மெல்ல முன்னால் நடந்தது. வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது. விடிந்ததும் சாயத்தை எடுத்துக்கொண்டு, அதே பாதையில், தன்னந்தனியாக ஷெட்டுக்கு நடந்தாள் பூமாரி!

கிறுக்கு என்பீர்களா? குகைச் சுவரில் மானும் மாடும் எழுதிய ஆதிமனிதன் கிறுக்கனா? ஐயப்பனுக்குப் புலி, முருகனுக்கு மயில், பைரவருக்கு நாய். தெய்வத்துக்கே ஒரு விலங்கு துணை வேண்டும் என்றால், பயந்து கிடந்த பிள்ளைக்கு வேண்டாமா? அச்சம் வந்த உருவிலேயே அபயமும் வரக்கூடாதா? இன்று அவள் பள்ளிக்கு வருகிறாள். அந்த யானையைத் தாண்டித்தான் வருகிறாள்!

அம்மா மனசு, அம்மா மனசு என்கிறோமே, அந்த அம்மாவை யாராவது கேட்டோமா? ராமலட்சுமி அத்தை, நீங்களே சொல்லுங்கள். யாரப்பா அங்கே, மைக்கைக் கொடுங்கள்!

மைக் வேண்டாமாம். உட்கார்ந்தபடியே சொல்கிறார்: "எனக்கு அதப் பாத்தா இப்பவும் ஈரக்கொல நடுங்கத்தாம்லே செய்யுது. ஆனா எம்மவ வெளிய வந்துட்டால்லா. நிக்கட்டும். பக்கத்துல அவரையும் வரையச் சொல்லு. சுவத்துலயாவது ரெண்டு பேரும் பகையில்லாம நிக்கட்டும்."

இதற்கு மேல் வக்காலத்து எதற்கு? அண்ணாச்சி தலையசைத்துவிட்டார்; சாயத்துக்கும் தாமே பொறுப்பு என்கிறார். பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. பூமாரி, அழாதே. யானைக்கு இடப்பக்கம் உன் அப்பாவுக்கு நிறைய இடம் இருக்கிறது. அனைவருக்கும் வணக்கம்!