மயங்காமைக்கு எத்தனை புள்ளி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் ஆவடி குவார்ட்டர்ஸில் யாருக்கும் ஒரு வேலையும் இருக்காது சார். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஊரே குறட்டை விடும். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் மட்டும் விழித்திருப்போம்.

போன வருஷம், தொண்ணூற்றிரண்டில், பூந்தமல்லி கலீலுல்லாவின் மாமா துபாயிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, நான் சொல்லும் கதைக்குள் அவனை நடத்திப் போக வேண்டும். அடி பட்டதா, தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்கு நூறு புள்ளி. பலம், வேகம் எல்லாவற்றையும் புள்ளி கொடுத்துத்தான் வாங்கணும். ஆட்டத்தை நடத்துகிறவன் நான். விலை வைப்பதும் நான்தான்.

அதில் மயங்காமை என்று ஒன்று. தலையில் எப்பேர்ப்பட்ட அடி விழுந்தாலும் நினைவு தப்பாமல் நிற்கும் குணம். ஐந்து புள்ளி வைத்திருந்தேன். சேக்காட்டுக் கோதண்டம் முதல் நாளே வாங்கிவிட்டான். அப்புறம் அவன் வீரனை யானை மிதித்தாலும் எழுந்து பல்லைக் காட்டினான். கலீலும், கோதண்டத்தின் தங்கை நாகவல்லியும் ஆட்டத்துக்கு ஆட்டம் மயங்கிக் கிடந்தார்கள்.

விலையை இருபதாக ஏற்றினேன்.

“இன்னா மாமே, அநியாயமா கீது?” என்றான் கோதண்டம். “ஒடம்பு கெட்டியா இருந்தா எவனும் மயங்கமாட்டான். அதுக்குத் தனியா இருபதா?”

“உடம்பு வேற, நினைவு வேறடா.”

“நீ எவனயாச்சும் பாத்துகீறியா?”

நியாயமான கேள்வி. நான் பார்த்ததில்லை. பார்க்காமல் விலை வைப்பது தப்பு.

அம்மாவின் தூக்க மாத்திரை அலமாரியில் இருந்தது. ரோஸ்மில்க்கில் கலந்தேன். ஒரு வாரம் கலீல், பகடையைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தான். அடுத்த வாரம் நாகவல்லி. கறிக்குழம்பு மயக்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் தலையணை வைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோதண்டம் மட்டும் அசரவில்லை. கொஞ்சம் கூட்டினேன். கொட்டாவிகூட விடவில்லை. இன்னும் கூட்டினேன். அன்றைக்குத்தான் எழுந்து, “தல கிர்ருங்குது மச்சான், ஊட்டுக்குப் போறேன்” என்று சைக்கிளை எடுத்தான்.

இங்கேயே படுக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். படுத்துவிட்டால் விலை எப்படித் தெரியும்?

நானும் என் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஏரிக்கரை வரைக்கும் நேராகத்தான் ஓட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது. வளைவில் சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். முழங்கால் அளவு தண்ணீர். குப்புற விழுந்தான்.

எங்கள் ஆட்ட விதிப்படி, விழுந்தவனுக்கு எழுந்திருக்க மூன்று வாய்ப்பு உண்டு. வேறு யாராவது தொட்டால் அது செல்லாது. கரையில் உட்கார்ந்தேன். நல்ல காற்று. முதலில் கை அசைந்தது. பிறகு முதுகு லேசாக எழும்பி அடங்கியது. மூன்றாவதற்கு நிறையவே நேரம் கொடுத்தேன் சார். மற்றவர்களுக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

கோதண்டம் சொன்னதுதான் சரி. இருபது அதிகம். பன்னிரண்டாகக் குறைத்துவிட்டேன். சாவு வீட்டுக்கே போய், நடந்ததை எல்லாம் நாகவல்லியிடம் விவரமாகச் சொல்லி, “உங்க அண்ணன் ஜெயிச்சுட்டான்மா” என்றேன். தோற்றவன் நான், வலியப் போய் ஒத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஏன் செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.