கேட்டுக்கு வெளியே

மலேசியாவின் ஈப்போ நகரில், புதிய சந்தைக் கட்டடத்தில் கடை எடுக்க வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற கீரைக்கார அக்கா திடீரென்று சொன்னார்:

"வெள்ளைக்காரனாலயே சந்தையக் கட்ட முடியலண்ணே."

அவருக்கு முன்னால் நின்ற மசாலா வியாபாரி திரும்பினார். "ஏம்மா, ரயிலு போட்டான், ரோடு போட்டான், டவுனையே கட்டினான்ல?"

"அதெல்லாம் ஈயத்துக்கும் ரப்பருக்கும் லா. எங்க ரப்பர் தோட்டத்துல தொரை ஒரே ஒரு கடைதான் விட்டான். வேற யாரும் உள்ள வந்து விக்கக் கூடாது. வியாபாரிங்க என்ன செஞ்சாங்க? சம்பளத்தன்னிக்கு கேட்டுக்கு வெளிய பாய விரிச்சாங்க. சனம் பூரா அங்கதான்!"

"இப்ப அந்தத் தோட்டமே இல்லையேம்மா."

"தோட்டம் போச்சு, தொரை போயிட்டான், கேட்டையும் புடுங்கிட்டாங்க. பாசார் மட்டும் இன்னும் ஞாயித்துக்கெழமயானா அதே எடத்துலதான் கூடுது. நானும் அங்கதான் கீரை விக்கிறேன்."

"அப்புறம் இங்க எதுக்கு வந்து நிக்கிற?"

"இங்கயும் ஒரு எடம் பிடிக்கத்தான்."

அவர் முறை வந்தது. குமாஸ்தா கட்டடத்தின் வரைபடத்தை நீட்டி, எந்தக் கடை வேண்டும் என்று மலாயில் கேட்டார். வரிசை வரிசையாக எண் போட்ட கட்டங்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கட்டங்களைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே காலியாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.