ஒன்பதாவது கோப்பை

"ஹலோ… குட்டி? அண்ணன்தான்… இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கேன்… சத்தமா பேச முடியாது, கோப்பை கழுவற ரூம்ல நிக்கறேன். தண்ணி சத்தம்… ஆமா, ஒயின் போட்டி நடக்குதுதான். இடைவேளை. கால் மணி நேரம் போனைக் கையில குடுத்திருக்காங்க."

அவர் குழாயைப் பாதி மூடினார். கழுவிக் கவிழ்த்த கோப்பைகளுக்குப் பின்னால் மேசையில் பன்னிரண்டு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கழுத்துவரை கறுப்புத் துணியுறை, உறையில் ஒரு எண். ஒன்பதாவதன் உறை மட்டும் நனைந்து கீழே நழுவியிருந்தது.

"நேரா ஒண்ணு கேக்கறேன். நீ இந்தப் போட்டிக்கு அனுப்பியிருக்கியா?… சுத்தி வளைக்காத. ஆமாவா, இல்லையா?… சரி… ஆமா, ஆமா, அனுப்பறவங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். சொல்லியிருந்தா நான் நடுவரா உக்காந்திருக்க மாட்டேன்… எப்படித் தெரியும்னா? மெழுகு. பாட்டில் கழுத்துல சிவப்பு மெழுகை ஊத்தி, சூடு ஆறறதுக்குள்ள கட்டைவிரலை அமுக்குவியே… அடையாளம் தெரியாம இங்க சுரண்டணும்தான். அரைகுறையா சுரண்டியிருக்காங்க. உன் விரல் பல்லிளிச்சிட்டு நிக்குது."

அவர் உறையை மேலே இழுத்துவிட்டார். அது மறுபடியும் நழுவியது.

"குட்டி… குடிச்சேன்… ம், மார்க்கும் போட்டாச்சு… பதினொண்ணு."

"…இருபதுக்குப் பதினொண்ணு, குட்டி."

மௌனங்களோடு பழகிய மனிதர்தான் அவர். முதல் மிடறுக்கும் முதல் சொல்லுக்கும் நடுவே ஒரு மண்டபமே மூச்சடக்கிக் காத்திருப்பதை முப்பது வருடமாகப் பார்த்தவர். தங்கையின் இந்த மௌனம் அப்படி இல்லை. இதற்கு முடிவில் என்ன சொல் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"கேக்குதா?… ம். நாலாம் நம்பரைக் குடிச்சப்போ, ஒருவேளை நீயும் அனுப்பியிருந்தா இதுதான் உன்னோடதுன்னு நினைச்சேன். உங்க மலைச்சரிவு, ஈரக்கல்லு வாசனை, எல்லாம் இருந்துச்சு. பாசத்துல போட்டதா ஆகிடக் கூடாதேன்னு ஒரு மார்க்கைக் கிள்ளி வேற எடுத்தேன்… சிரிக்காத. உன்னோடதை ஆத்துப்படுகைன்னு எழுதி வெச்சிருக்கேன். கடலோரம், ஆத்துப்படுகை, மலை, திராட்சை வர்றது மூணே மூணு இடத்துல இருந்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் உன் ஒயினைச் சொல்லிடுவேன்னு உன் கல்யாணத்துல பீத்திக்கிட்டவனும் நான்தான்… என்ன எழுதினேனா? அதை விடு… விடுன்னா… சரி, சரி, சொல்றேன்."

மார்க் போட்ட தாள் உள்ளே மண்டபத்தில் இருந்தது. ஆனால் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"'எடுத்ததும் காடி வாடை. முடிவுல விதைக் கசப்பு. மூணு நாலு நாள் தொட்டியில திராட்சைத் தோலை அமுக்காம விட்டிருக்காங்க…' அவ்வளவுதான்… இல்ல, இன்னொரு வரி இருக்கு. 'செய்தவருக்கு இதில் மனசு இல்லை'ன்னு."

எழுதும்போது அந்த வரியில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பக்கத்து நாற்காலி நடுவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டியபோது இன்னும் கொஞ்சம் கூடியது.

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதேடி!… இரு, அதைத்தான் நானும் கேக்கறேன். தொட்டியை யாரு பாத்தா? தோல் மேல ஏறி மிதந்தா காலையும் சாயங்காலமும் அமுக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?… மோட்டார் ரிப்பேரா? எந்த மோட்டார்? கட்டையாலதானே அமுக்குவீங்க! பொய் சொல்ல வராதுன்னா விட்டுடு. மாப்பிள்ளை எங்க போனார்? உலகமே இடிஞ்சாலும் ஒரு வேளை தவற விட மாட்டாரே… ஆஸ்பத்திரியிலயா?… யாருக்கு?"

அவர் குழாயை முழுசாக மூடினார்.

"அவருக்கா?… நெஞ்சுலயா… எப்ப?… போன வருஷம் அறுவடை அப்பவா? நாலு நாளும் நீ தனியாவா?… ம்… ம்… இப்ப எப்படி இருக்கார்?… வாளிகூடத் தூக்கக் கூடாதா… ஏன்டி, ஒரு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன அடுத்த வீட்டுக்காரனா?… என்ன?… எப்ப கூப்பிட்ட?… மூணு தடவையா?"

அந்த வாரம் வேறொரு ஊரில் வேறொரு போட்டி. அங்கேயும் நடுவர்களின் போனை வாங்கிப் போட வாசலில் ஒரு கூடை, கூடைக்குள் அணைத்துப் போட்ட அவர் போன். மாலையில் எடுத்தபோது தங்கையின் பெயர் மூன்று முறை வந்து கிடந்தது.

"…ஞாபகம் இருக்கு. 'ஒயின் குடிச்சுக் குடிச்சுப் பல்லெல்லாம் கறுத்துப் போச்சு, நாளைக்குப் பேசறேன்'னு அனுப்பினேன்… சிரிச்ச மூஞ்சி வேற போட்டேனா?… போட்டிருப்பேன்… இல்ல, நாளைக்கும் பேசல. தெரியும்."

உள்ளே மணி அடித்தது.

"முதல் மணி. அடுத்த மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். கேளு குட்டி, இன்னும் பென்சில்ல எழுதினதுதான். பதினாலுன்னு மாத்தினா பரிசுப் பட்டியலுக்குள்ள வந்துடும்… கத்தாத… சரி… சரி, மாத்தல. உன் மேல சத்தியம், மாத்தல. அப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிடட்டா?… சொன்னா பாட்டிலையே வெளிய எடுத்து வெச்சிடுவாங்க. மத்த நாலு பேரு போட்ட மார்க்கும் வீணாப்போகும்… அப்படியே கையெழுத்துப் போடறதா? பதினொண்ணு சரியான மார்க்குதான்டி. என் நாக்கு பொய் சொல்லல. அந்தக் கடைசி வரி இருக்கே, அதுக்குக் கீழ எப்படிக் கையெழுத்துப் போடறது? மனசு இல்லாம இல்ல. உன் மனசு ஆஸ்பத்திரி வராந்தாவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்துச்சு."

இரண்டாவது மணி. போட்டியை நடத்தும் அம்மாள் கூடையோடு கதவருகே வந்து நின்றார்.

"குட்டி, போனைக் கூடையில போடணும்… போடாம உள்ள போனா என் தாளைக் கிழிச்சிடுவாங்க. மத்த நாலு தாளை மட்டும்தான் எண்ணுவாங்க. அவ்வளவு கண்டிப்பு…"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நீட்டிய கூடையைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்த அம்மாளிடம் திரும்பினார்.

"இல்லைங்கம்மா, பேசிட்டிருக்கேன்… தெரியுங்க. விதி தெரியும்… ஆமாங்க, வீட்டு விஷயம்தான்… சொன்னா புரியாதுங்க. என் தாளைக் கிழிச்சிடுங்க… அடுத்த வருஷமா? கூப்பிட மாட்டீங்கன்னு தெரியுங்க."

நான்கு நடுவர்களின் கண்களுக்கு நடுவே மண்டபத்தைக் கடந்து மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டுச்சா?… அதான், தாள். மார்க்கும் போச்சு, அந்த வரியும் போச்சு. இனி அந்த நாலு பேரு பாடு… பைத்தியமா? இருக்கும்… திட்டினது போதும், குட்டி. முதல் நாள்ல இருந்து சொல்லு… ஆமா, இப்பதான். வலிக்குதுன்னு எப்ப சொன்னார்? ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வந்தா? நீ சாப்பிட்டியா?…"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"…ம்… என்ன? மணி அஞ்சாச்சா?… ஆமா, ஆமா, இந்த வருஷத்துத் தொட்டி. போ, முதல்ல தோலை அமுக்கிட்டு வா. அடிவரைக்கும் அமுக்கு… இல்ல, அணைக்க மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் கையிலயே வெச்சிருப்பேன்…"

அவள் போனை வைத்துவிட்டாள்.