தலை நனையாத சபை

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் காலை போட்டில், எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பாலக்காட்டுத் தமிழர்கள். பெரியவர் மிளகு வியாபாரி. மற்றவர் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல் குமாஸ்தா.

“டில்லி மேல்சபைன்னா நாம மேல் கழுகற மாதிரியாக்கும், மாமா,” என்றார் குமாஸ்தா. நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“நீ சொல்றது மனசிலாகலை,” என்றார் வியாபாரி.

“மேல் கழுகினா உடம்புதானே நனையும்? தலை நனையாது. அவாளும் எதைப் பத்தி வேணும்னாலும் பேசலாம். வரின்னா மட்டும் தொடப்படாது. கீழ்ச்சபை வெச்சதுதான் சட்டம்.”

“மிளகுக்குப் புது வரி வராது, மேல்சபையிலே நான் தடுத்துடறேன்னு நம்ம மெம்பர் சொன்னாரே! அதை நம்பித்தானே சரக்கை விக்காம வெச்சிண்டிருக்கேன்?”

“திருத்தச் சொல்லிப் பாக்கலாம். கீழ இருக்கறவா கேக்கலைன்னா அதோட போச்சு.”

“அவர் எலக்‌ஷன்ல நின்னு தோத்தவராச்சே?”

“தோத்ததனாலேதான் கட்சிக்காரா மேலே அனுப்பினா.”

“உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?”

“தெரியாம இருக்குமா, மாமா?”

எர்ணாகுளம் படகுத்துறையில் கயிறு வீசும்போது வியாபாரி எழுந்துகொண்டே சொன்னார்.

“போன மாசம் மெம்பர் வந்தப்போ என் ஆத்துலேதான் தங்கினார். எண்ணெய், சீயக்காய் எல்லாம் எடுத்து வெச்சோம். ஜலதோஷம், மேல் கழுகினாப் போதும்னார். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.”