குறையாத அரிசி

— கையை நல்லா உள்ள விடுங்க. இன்னும் ஆழமா. தரை தட்டுதா?

— தட்டல.

— ஏன் தட்டல?

— அரிசி இருக்கு, தட்டல. அரிசி டிரம்முக்குள்ள கையை விட்டா அரிசிதானே இருக்கும்?

— மாசக் கடைசிங்க இது. இந்நேரம் டிரம்மைக் கவுத்துத் தட்டிட்டு, கடைக்காரர் முன்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும் நான். போன மாசம் அப்படித்தான் நின்னேன். இந்த மாசம் முழங்கை வரைக்கும் அரிசி இருக்கு. எப்படி?

— ஒரு நிமிஷம் இரு. அரிசி இல்லன்னு சண்டை போடுற பொம்பளையைப் பாத்திருக்கேன். இருக்குன்னு சண்டை போடுறவளை இப்பத்தான் பாக்குறேன்.

— சிரிக்காதீங்க. எனக்குத் தலை சுத்துது. விலையெல்லாம் ஏறிப் போச்சுன்னு எப்பவும் வாங்குறதை விடக் கம்மியாத்தான் வாங்கினேன். கம்மியா வாங்கினது எப்படிங்க கூட நாள் வரும்? எண்ணெயும் அப்படியே இருக்கு. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாத்தா இன்னும் கனக்குது.

— மாச ஆரம்பத்துல நீ போட்ட சட்டம் வேலை செய்யுதுன்னு வச்சுக்கோயேன். 'ராத்திரிக்கு மொத்தமாச் சமைச்சா மிச்சம் விழுது, கொட்டுறோம். காலையில மட்டும் பெரிய பானை. ராத்திரி அவங்கவங்க வந்த நேரத்துக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், சின்ன குக்கர்ல வச்சுக்கணும்'னு மந்திரி மாதிரி சொன்னியே.

— சொன்னேன். மிச்சம் விழலன்னா ரெண்டு நாள் கூட வரும். இப்படி அள்ள அள்ள வருமா? நீங்கதான் ஏதோ சொல்லாம இருக்கீங்க.

— என்னத்தைச் சொல்ல? இன்னிக்கு லாரி வரல, குடோன்ல சீக்கிரம் விட்டாங்க. வீட்டுக்கு வந்தா, உன் கம்பெனியில கரண்ட் இல்லன்னு நீயும் முன்னாடியே வந்து உக்காந்திருக்க. வந்ததும் வராததுமா டிரம்முக்குள்ள கையை விடுன்ன. விட்டேன்.

— நேத்து உங்க சட்டையைத் துவைச்சேன். பையில அரிசி.

— மூட்டை தூக்குறவன் பையில அரிசி இல்லாம முத்தா இருக்கும்?

— உங்க குடோன்ல ஒரு ஆளைப் பிடிச்சாங்களே, சாப்பாட்டுத் தூக்குல அரிசி அள்ளிக்கிட்டுப் போனாருன்னு. போலீஸ் வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— ஆமா. அதுக்கு?

— இப்பல்லாம் உங்க தூக்கை ஏன் நீங்களே கழுவி வைக்கிறீங்க?

— அடிப்பாவி! நீ அலுத்துப் போய் வர்றியேன்னு கழுவினேன். அதுக்கு எனக்குத் திருட்டுப் பட்டமா?

— மெதுவாப் பேசுங்க. நம்ம பாப்பா மாடி வீட்டுல அவங்க பையனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டிருக்கா, காதுல விழப்போகுது.

— விழட்டும்!

— நீங்க திருடுறீங்கன்னா சொன்னேன்? திருடலன்னு சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். கண்ணை மூடினா தூக்கம் வரமாட்டேங்குது எனக்கு. மிஷின்ல உக்காந்தா ஊசி எங்க போகுதுன்னு தெரியல. நேத்து ஒரு காலரைத் தலைகீழா வச்சுத் தைச்சுட்டேன். உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்? அவ படிப்பு என்ன ஆகும்?

— அழாத. ஒரு நிமிஷம் இரு. பாப்பா மேல சத்தியமா ஒரு மணி அரிசி நான் கொண்டு வரல. போதுமா?

— நிஜமா?

— அவ மேல பொய்ச் சத்தியம் பண்ணுவேனா? இப்ப நான் கேக்குறேன். நீ உன் அண்ணன் வீட்டுல வாங்கிட்டு வந்து கொட்டலையே?

— எங்க அண்ணன் எங்கேருந்து வந்தாரு நடுவுல?

— டிரம் குறையலன்னு எனக்கும் தெரியும்டி. கண்ணு இருக்கு. பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லாதவன்னு நாலு பேரு முன்னாடி சொன்ன மனுஷன் அவரு. அவர் வீட்டு அரிசியைத்தான் திங்கிறோமோன்னு நினைச்சு எனக்குக் காலையில ஒரு வாய் இறங்கல.

— அவர் வீட்டு வாசலையே மிதிக்கலைங்க. பாப்பா மேல சத்தியம்.

— நானும் கொண்டு வரல. நீயும் கொண்டு வரல.

— அப்ப எப்படி?

— எலி வந்தா தின்னுட்டுப் போகும். நம்ம வீட்டு எலி கொண்டாந்து கொட்டிட்டுப் போகுது போல.

— விளையாடாதீங்க, எனக்குப் பயமா இருக்கு.

— சரி, ஒரு நிமிஷம் இரு. யாரும் கொண்டாந்து போடலன்னா, யாரோ எடுக்காம இருந்திருக்கணும். நீ வேலை விட்டு வந்து சமைச்சுக்கிறேல்ல?

— பின்ன? நீங்க தூங்கிட்டிருப்பீங்க. சாப்பிட்டுட்டுத்தான் படுப்பேன்.

— பாப்பா மேல சொல்லு.

— எதுக்கெடுத்தாலும் புள்ள மேலயா?

— நான் சொன்னேன்ல. சொல்லு.

— கம்பெனியில டீயும் பன்னும் தர்றாங்க. அதுவே வயித்துல நிக்குது.

— சாயங்காலம் தின்ன பன்னு மறுநாள் வரைக்கும் நிக்குமா?

— நிக்க வச்சேன்.

— பொய் சொல்லாத. காலையில எந்திரிச்சா உன் தட்டு ஸ்டாண்டுல ஈரமா இருக்குமே! தினம் அதைப் பாத்துட்டுத்தானே வேலைக்குப் போறேன்.

— நனைச்சு வச்சேன். இல்லன்னா நீங்க சும்மா விடுவீங்களா? நான் உக்காந்து தைக்கிறவ, தாங்கிப்பேன். நீங்க மூட்டை தூக்குறவரு... ஏங்க. ஏன் அந்தப் பக்கம் பாக்குறீங்க? உங்க தட்டு? நான் வரும்போது சொட்டச் சொட்ட இருக்குமே?

— குழாயில காட்டினா சொட்டத்தானே செய்யும்.

— ஐயோ! அத்தனை மூட்டையும் தூக்கிட்டு வந்து வெறும் வயித்தோடயா படுத்தீங்க?

— மத்தியானத்துக்குக் கட்டிக் குடுக்கிறியே, அது போதும்னு...

— நீங்க சாப்பிட்டீங்கன்னு நான் நிம்மதியா இருந்தேங்க.

— நீ சாப்பிட்டேன்னு நானும்தான்.

— சிரிப்பு வருதா அழுகை வருதான்னே தெரியல எனக்கு. உங்களைப் போய்த் திருடன்னு நினைச்சேனே!

— விடு. ஆமா, குக்கரையும் நனைச்சு வச்சியா?

— அது தோணவே இல்ல. நீங்க?

— எனக்கும் தோணல. நீ தட்டைத்தானே பாப்பேன்னு விட்டுட்டேன். நல்ல ஜோடி நாம!

— போகட்டுங்க. பாப்பாவாவது ஒழுங்காச் சாப்பிட்டாளே, அது போதும். வளர்ற புள்ள.

— அதோ பாரு, இன்னிக்குக் கூட அவ தட்டு ஈரமா இருக்கு. காலேஜ் விட்டு வந்து, சாப்பிட்டுட்டுத்தான் மாடிக்குப் போயிருக்கா.

— தங்கம். ஒரு நாளாவது பசிக்குதுன்னு சொல்லியிருப்பாளா?

— சரி, எந்திரி. உன் சட்டம் இன்னியோட ரத்து. நமக்கு ரெண்டு டம்ளர் அள்ளு. அரிசிக்கா பஞ்சம்?

— அள்ளுறேன். நீங்க அலமாரி மேல இருந்து அந்தச் சின்ன குக்கரை எடுங்க.

— இந்தா... ஒரு நிமிஷம் இரு.

— என்ன, கழுவாம வச்சுட்டாளா?

— இல்லம்மா. உள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு.